யாரு புள்ள

மறைமலை நகர்
9 ஜூன் 2024

மதிப்பிற்குரிய அக்கா ஷரீஃபா அவர்களுக்கு, தம்பி ஜலால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மகள் இஃப்ராவுக்கு இது நாலாவது மாதம், பிரசவத்துக்கு இங்கேயே வந்துவிடுவாள். உங்கள் முழங்காலுக்கு ஊசி போட்டதாக உங்கள் பேத்தி ருக்ஸானா சொன்னாள். இப்போது நடக்க முடிகிறதா?

அம்மா மவுத்தாகி இரண்டு வருஷமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. அதனால்தான் தபால்.

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில் விரித்திருந்த காகிதத்துக்குக் கீழே ஒரு போஸ்ட் கார்டு இருந்தது. பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. தஸ்தகீர் சாச்சாவுக்கு வந்த கார்டு. படிக்க முடிந்ததை அப்படியே எழுதுகிறேன்:

"தம்பி தஸ்தகீருக்கு... நோன்பில் வாசல் வரைக்கும் வந்தேன்... பிள்ளை சொன்னதைக் கேட்ட பிறகு உள்ளே எப்படி வருவது... ஜைத்தூனிடம் சொல்ல வேண்டாம். அக்தர்."

ஊர் பெயர் அழிந்துவிட்டது. முத்திரையில் 1977 நன்றாகத் தெரிகிறது.

நம் அத்தா அக்தர் மிலிட்டரி லாரி ஓட்டப் போய் 1971 சண்டையிலேயே போய்விட்டார் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். ஜமாத் நாலு வருஷம் பார்த்துவிட்டு, அம்மாவை நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கச் சொல்லி, அத்தாவின் தம்பி தஸ்தகீருக்கே நிக்காஹ் செய்து வைத்தது. விவரம் தெரியாத வயசில் நான் அத்தா என்று கூப்பிட்டு வளர்ந்தது அவரைத்தான். அவர் சாச்சா என்று எனக்குப் பத்து வயசில் ஒரு சண்டையில் நீங்கள்தான் போட்டு உடைத்தீர்கள்.

செத்தவர் 1977ல் எப்படிக் கார்டு போட்டார்? வாசல் வரைக்கும் வந்தவரை யார் என்ன சொல்லி அனுப்பினது? இது ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும்.

வஸ்ஸலாம்.
ஜலால்

*

இரும்புலியூர்
30 ஜூன் 2024

தம்பி ஜலாலுக்கு அக்கா ஷரீஃபா எழுதிக்கொண்டது. வ அலைக்கும் ஸலாம்.

நான் சுகம். ஊசி போட்ட கால் பரவாயில்லை, ஊசி போடாத கால் வலிக்கிறது. உனக்கு சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று எழுதவில்லை. பிஸ்கட்டை டீயில் முக்கித் தின்கிற பழக்கத்தை விட்டாயா இல்லையா?

இது என்ன "அவர்களுக்கு", "நீங்கள்"? நான் என்ன உன் கம்பெனி மேனேஜரா? உனக்குக் கால் கழுவிவிட்டவள் நான்.

உன்னோடு ஒரு பேச்சும் பேச மாட்டேன் என்றுதான் அம்மா மய்யித்துக்குப் பக்கத்தில் நின்று சத்தியம் பண்ணினேன். எழுத மாட்டேன் என்று பண்ணவில்லை. எழுதினால் அது பேச்சாகுமா என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டேன். அவர் சிரித்தார். ஆகாது என்று எடுத்துக்கொண்டேன்.

எதற்குச் சத்தியம் பண்ணினேன் என்று மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. உங்கள் பள்ளிவாசல் மைக்கில் மூன்று தடவை சொன்னார்கள். "மர்ஹூம் சைக்கிள் கடை தஸ்தகீர் அவர்களின் மனைவியும் ஜலால் அவர்களின் தாயாருமான ஜைத்தூன் பீ மவுத்." சீட்டு எழுதிக் கொடுத்தது நீ. என் பெயர் இல்லாததைக்கூட விடு. தஸ்தகீர் மனைவி என்று உன்னை யார் எழுதச் சொன்னது? எந்த ஆம்பளை பெயரும் போடாதீங்க, ஜைத்தூன் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்க என்று அம்மா என்னிடம் சொல்லி வைத்திருந்தது. நான் ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குள் நீ மைக்கில் போட்டுவிட்டாய்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தந்தி கொண்டுவந்தது தபால்காரர் சின்னப்பன். "காணோம்னு போட்டுகீதும்மா" என்றார். "காணோம்னா தேடிகினு இருப்பாங்க இல்ல?" என்று அம்மா கேட்டது. அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான் அப்போது அஞ்சாங்கிளாஸ். அதோடு என் படிப்பு முடிந்தது. அம்மா பம்மல் தோல் கம்பெனிக்குப் போக, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பொழிச்சலூர் வூட்டில் இருந்தேன். ஏரோப்ளேன் கூரையை உரசுகிற மாதிரி இறங்கும். ஒவ்வொன்றுக்கும் அம்மா வெளியே வந்து பார்க்கும், லாரி டிரைவர் ப்ளேனில் வருவார் என்கிற மாதிரி.

நீ ஸ்கூலில் சேர்ந்ததும் அந்தச் சாம்பசிவன் உன்னை "காணாமப் போனவன் புள்ள, காணாமப் போனவன் புள்ள" என்று தெரு முழுக்கத் துரத்தினான். அவனுக்கு உன்னைவிட நாலு வயசு பெரிசு. இப்போது எங்கள் தெருவிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஒரு ரேஷன் கார்டு நகல் எடுக்க இந்தக் காலை வைத்துக்கொண்டு தாம்பரம் வரை நடக்கிறேனே தவிர அவன் கடைப் படி ஏறினதில்லை.

அந்தக் கார்டு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உலகத்தில் எத்தனையோ அக்தர். கிழித்துப் போடு.

இஃப்ராவை மாடிப்படி ஏற விடாதே.

வஸ்ஸலாம்.
ஷரீஃபா

*

மறைமலை நகர்
7 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். இங்கே சுகம். சர்க்கரை இருநூற்றுப் பத்து, பிஸ்கட்டை விடவில்லை. உன் இன்னொரு காலுக்கும் ஊசி போட்டுக்கொள்.

"நீங்கள்" வேண்டாம் என்றாய், விட்டுவிட்டேன். ஆனால் அக்கா, சாம்பசிவன் உன்னைவிட எத்தனை வயசு சின்னவன், எனக்கு எத்தனை பெரியவன் என்று இன்னமும் ஞாபகம் வைத்திருக்கிற உனக்கு, செத்துப்போன அத்தா கார்டு போட்டது மட்டும் தெரியாதா? யாராவது நம்புவார்களா?

"தம்பி தஸ்தகீர்" என்று எழுதுகிற அக்தர் உலகத்தில் எத்தனை பேர்?

கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பத்து தடவை படித்தேன். "பிள்ளை சொன்னதைக் கேட்ட பிறகு" என்று இருக்கிறது. வீட்டில் இருந்தது இரண்டு பிள்ளை. எனக்கு வயசு ஏழு. உனக்குப் பதினாறு. அம்மா சாகிற வரைக்கும் என்னை ஜலால் என்றும் உன்னைப் "புள்ள" என்றும்தான் கூப்பிட்டது. "புள்ள, தண்ணி கொண்டா. புள்ள, தம்பிய பாரு." அத்தாவும் அப்படித்தானே கூப்பிட்டிருப்பார்?

அவரிடம் என்ன சொன்னாய்?

எனக்கு அவர் முகமே தெரியாது. ஒரு போட்டோகூட இல்லை. இஃப்ராவுக்குப் பையன் பிறந்தால் அக்தர் என்று பெயர் வைக்க ஆசை. அதற்கு முன்னால் எனக்கு இது தெரிய வேண்டும்.

வஸ்ஸலாம்.
ஜலால்

*

இரும்புலியூர்
2 செப்டம்பர் 2024

தம்பி ஜலாலுக்கு அக்கா ஷரீஃபா. ஸலாம். இரண்டு மாதமாக எழுதவில்லை. கால்தான், கைக்கு ஒன்றுமில்லை.

சரி, நான்தான். நோன்பு பதினெட்டு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் வந்தார். நான்தான் "இங்க இன்னா கீது உனக்கு, போ" என்றேன். போய்விட்டார். அம்மா அப்போதுதான் ஒரு வருஷமாகக் கொஞ்சம் வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது இல்லையா? இனிமேல் இதைப் பற்றிக் கேட்காதே.

இஃப்ராவுக்கு ஏழாம் மாதம் முடியப் போகிறது. புளிப்பு கேட்டால் கொடு, அதிகம் கொடுக்காதே. ருக்ஸானாவிடம் மாங்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்புகிறேன்.

ஷரீஃபா

*

மறைமலை நகர்
20 செப்டம்பர் 2024

ஷரீஃபா அக்கா அவர்களுக்கு ஸலாம்.

ஊறுகாய் வந்தது. ருக்ஸானாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு வருஷம் கழித்து உயிரோடு வந்த மனுஷனை நோன்பு நாளில் போ என்று சொல்லியிருக்கிறீர்கள். எங்கே இருந்து வந்தார், ஏன் அத்தனை நாள் வரவில்லை, சாப்பிட்டாரா, எதையும் கேட்கவில்லை. உள்ளே இருந்த அம்மாவைக் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டவில்லை. அப்புறம் நாற்பத்தேழு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, மைக்கில் பெயர் தப்பாகச் சொன்னதற்கு என்னிடம் கோபம்.

நீங்கள் என்னோடு பேசுவதில்லை என்று சத்தியம் செய்தது சரிதான். நானும் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

ஜலால்

*

இரும்புலியூர்
24 நவம்பர் 2024

தம்பி ஜலாலுக்கு ஸலாம்.

இஃப்ராவுக்குப் பையன் பிறந்திருக்கிறான் என்று ருக்ஸானாவின் போனில் படம் பார்த்தேன். மாஷா அல்லாஹ். நெற்றி உன் நெற்றி. நீ பிறந்தபோதும் இப்படித்தான் கோபமாக இருந்தாய்.

பெயர் வைக்கிற அகீகாவுக்கு என்னைக் கூப்பிட மாட்டாய் என்று தெரியும். பழைய வெள்ளைப் புடவையில் இரண்டு சட்டை தைத்து அனுப்பியிருக்கிறேன். பச்சைக் குழந்தைக்குப் புதுத்துணி குத்தும், இது குத்தாது. திருப்பி அனுப்பாதே. குழந்தை மேல் உனக்கு என்ன கோபம்?

ஷரீஃபா

*

இரும்புலியூர்
19 ஜனவரி 2025

தம்பி ஜலாலுக்கு ஸலாம். சுகமா?

சட்டை திரும்பி வரவில்லை. அதனால் போட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

உனக்குக் காலில் புண் ஆறவில்லை என்று கேள்விப்பட்டேன். செருப்பை மாற்று. பழைய சைக்கிள் ட்யூபில் வார் போட்டுத் தருவாரே சாச்சா, அந்த மாதிரி மெத்தென்று வாங்கு. அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

உன்னைப் பதில் எழுதச் சொல்லவில்லை. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாய் என்று மட்டும் ருக்ஸானாவிடம் சொல்லி அனுப்பு. நான் கேட்டால் அவள் "எனக்குத் தெரியாது நன்னீ" என்கிறாள். நீ சொல்லக் கூடாது என்றிருப்பாய்.

ஷரீஃபா

*

மறைமலை நகர்
18 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். புண் ஆறிவிட்டது. உனக்கு நோன்பு பிடிக்க முடிகிறதா? மாத்திரையை விடிவதற்கு முன்னால் ஸஹர் சாப்பாட்டோடு போட்டுக்கொள்.

போன வெள்ளிக்கிழமை கம்பெனியில் லீவு சொல்லிவிட்டுப் பொழிச்சலூர் போனேன். பழைய ஆட்கள் யாராவது அத்தா வந்ததைப் பார்த்திருப்பார்களா என்று கேட்கத்தான். உன்மேல் இன்னும் நாலு குற்றம் கண்டுபிடிக்கப் போனேன் என்றே வைத்துக்கொள். நம் வூடு இருந்த இடத்தில் அப்பார்ட்மென்ட் வந்துவிட்டது. பள்ளிவாசலும் புதுசு. நோன்பு திறக்க உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர், எண்பதுக்கு மேல் இருக்கும். கஞ்சியை என் பக்கம் தள்ளிவிட்டு என்னையே பார்த்தார்.

"நீ யாரு புள்ளப்பா?"

"தஸ்தகீர் புள்ள."

அக்கா, நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. அதுவும் சத்தமாக, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஐம்பத்துநாலு வயசில். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெரியவர் சிரித்தார். "சைக்கிள் கட தஸ்தகீரா? அந்தாளுக்கு ஏதுப்பா குடும்பம்? கடையிலயே படுத்துகினு கெடந்த மனுசனாச்சே."

அவர் சொன்னது எனக்கு மனசில் ஏறவில்லை. கையில் சூடு தெரிந்தது. கஞ்சி டம்ளர். ஏழு வயசில், சட்டை நுனியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலில் இருந்து வருகிறேன். நம் வாசலில் ஒருத்தர் நிற்கிறார். காலில் செருப்பு இல்லை. குனிந்து "நீ யாரு புள்ள?" என்கிறார். நான் இதே மாதிரி சத்தமாக "தஸ்தகீர் புள்ள" என்கிறேன். அதோடு நிற்கவில்லை. உள்ளே பார்த்து "அத்தா, உன்னக் கேட்டுகினு யாரோ வந்துகீறாங்கோ" என்று கத்துகிறேன்.

அந்த முகம் மட்டும் வரவில்லை. எவ்வளவோ முயற்சி பண்ணினேன். கால்தான் தெரிகிறது.

அந்தப் பிள்ளை நான்தான். நீ இல்லை. நீ ஏன் அக்கா பொய் எழுதினாய்? அந்த ஊறுகாயைத் திருப்பி அனுப்பினேனே.

குழந்தைக்கு அக்தர் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். உன் சட்டையைத்தான் போட்டிருக்கிறான்.

ஜலால்

*

இரும்புலியூர்
13 ஏப்ரல் 2025

என் தம்பி ஜலாலுக்கு அக்கா ஷரீஃபா எழுதிக்கொண்டது. வ அலைக்கும் ஸலாம்.

நோன்பு முழுசும் பிடித்தேன். பெருநாளும் போனது. உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிறது. தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன்.

நீ சொல்லிவிட்டாய் என்று நினைக்கிறாய். நீ சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாய். அந்தச் சாம்பசிவன் துரத்தித் துரத்தி, நீ ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று தண்ணித் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். நிக்காஹ் ஆனதும் உன்னைப் பிடித்து உட்காரவைத்தேன். "யாராவது யாரு புள்ளன்னு கேட்டா தஸ்தகீர் புள்ளன்னு சொல்லு. தலய குனியாத. சத்தமா சொல்லு." பத்து நாள் சொல்லிக்கொடுத்தேன். மெதுவாகச் சொன்னால் தொடையில் கிள்ளினேன். அவரை அத்தா என்று கூப்பிட வைத்ததும் நான்தான். நான் மட்டும் கூப்பிடவில்லை. அதற்காக அம்மாவிடம் அடி வாங்கினேன். என் அத்தா வருவார், அவருக்கு அந்தச் சொல் இருக்கட்டும் என்று வைத்திருந்தேன்.

அவர் வந்தபோது நான் குழாயடியில் இருந்தேன். நீ கத்தினாய். சாச்சா பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார், அம்மா அடுப்படியில், இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. நான் குடத்தோடு வந்து பார்த்தேன். ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்மேல் வைத்துக்கொண்டு நின்றார். நம் அத்தா அப்படித்தான் நிற்பார், மண் சூடாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதனால் உனக்குக் கால் ஞாபகம் இருப்பதில் ஆச்சரியம் இல்லை. முகம் உனக்கு வேண்டுமென்றால் கண்ணாடியைப் பார். தாடியை எடுத்துவிட்டுப் பார்.

என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். தலையை இப்படி ஆட்டினார், பேசாதே என்று. அப்புறம் மெதுவாகக் கேட்டார். "அம்மா நல்லா கீதா?"

நான் "கீது" என்றேன்.

அவரிடம் நான் பேசினது அது ஒன்றுதான். போ என்று சொல்லவில்லை ஜலால். இரு என்றும் சொல்லவில்லை. பாங்கு சொன்னார்கள். உன் கையில் இருந்த டம்ளரை வாங்கி ஒரே ஒரு வாய் குடித்து நோன்பு திறந்தார். மிச்சத்தை உன்னிடமே கொடுத்துவிட்டு உன் தலையில் கையை வைத்தார். பம்மல் ரோட்டுப் பக்கம் நடந்தார். அத்தா என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பார். ஆறு வருஷமாக எடுத்து வைத்திருந்த சொல், அன்றைக்கு வாயில் வரவில்லை. அப்படிக் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று இருந்தது. அவர் முனை திரும்புகிற வரைக்கும் நின்றேன். நீ மிச்சக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தாய். அந்த நிமிஷத்தில் உன்மேல் எனக்கு வந்த கோபம், அப்புறம் மைக், சீட்டு, எதை எதையோ சாக்காக வைத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தது. கோபம் உன்மேல் இல்லை.

கார்டு வந்த அன்றைக்கு சாச்சா கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்தார். அம்மாவைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சொல்ல வேண்டாம் என்று அத்தா எழுதியிருந்தும் சொல்லிவிட்டார். வெளியே வரும்போது கையில் பாயைச் சுருட்டி வைத்திருந்தார். அன்றையிலிருந்து மவுத்தாகிற வரைக்கும் இருபத்திரண்டு வருஷம் அவர் படுத்தது கடையில்தான். நீ கேரியரில் சோறு எடுத்துப் போவாய். திருட்டு பயம் என்று உனக்குச் சொல்லி வைத்தோம். அந்தக் கடையில் திருட என்ன இருந்தது? நாலு ட்யூப், பஞ்சர் ஒட்டுகிற பசை. அண்ணன் உயிரோடு இருக்கும்போது அந்த வூட்டில் படுக்க அவருக்கு முடியவில்லை. அம்மாவையும் உன்னையும் தெருவில் விடவும் முடியவில்லை. அத்தாவை நாசிக், நாக்பூர் என்று இரண்டு தடவை போய்த் தேடிவிட்டும் வந்தார். கிடைக்கவில்லை.

இதனால்தான் அம்மா யார் பெயரும் போட வேண்டாம் என்றது. உனக்கு இது தெரியாமல் நீ எழுதிக் கொடுத்தாய். தெரியாமல் வைத்திருந்தது நான்.

நீ போன வருஷம் கேட்டபோது உண்மையை எழுத உட்கார்ந்தேன். ஏழு வயசில் தலை நிமிர்த்தி நின்றவனை ஐம்பத்துநாலில் குனிய வைக்க மனசு வரவில்லை. என்மேல் கோபித்தால் கோபித்துக்கொண்டு போகிறான் என்று விட்டேன். எனக்குப் பழக்கம்தானே.

சாச்சாவை நான் ஒரு நாளும் அத்தா என்று கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவரையும் கூப்பிடவில்லை.

சத்தியத்தை முறித்தால் பத்து ஏழைக்குச் சோறு போடணும், முடியாவிட்டால் மூன்று நோன்பு பிடிக்கணும் என்றார் ஹஜ்ரத். இந்தக் காலை வைத்துக்கொண்டு பத்து பேருக்கு எங்கே ஆக்குவது? மூன்று நோன்பும் பிடித்துவிட்டேன். நேற்றோடு முடிந்தது. அதற்கப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்தரைத் தூக்கிக்கொண்டு வா. இஃப்ராவும் வரட்டும். சாம்பசிவன் கடைக்கு எதிர் வூடு, பச்சைக் கதவு. பெல் வேலை செய்யாது, தட்டு. நான் எழுந்து வர நேரமாகும், அதுவரைக்கும் நில்லு. உள்ளேயிருந்து "யாரு புள்ள?" என்று கேட்பேன். மூன்று வருஷத்துக்கு அப்புறம் உன்னோடு நான் பேசப்போகிற முதல் பேச்சு அதுதான்.

நீ எந்தப் பெயரைச் சொன்னாலும் கதவைத் திறப்பேன். சத்தமாக மட்டும் சொல்லு, எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

அக்கா
ஷரீஃபா